பதினாலாம் எண் லேபிள்

கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. அமலா மெஷினை நிறுத்தாமலே ஓரக்கண்ணால் பார்த்தாள். மகள்.

பள்ளி நேரத்தில் கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அது பள்ளியின் விதி. அதை மீறி, காலை பத்தரை மணி இடைவேளையில் திவ்யதர்ஷினி செய்தி அனுப்பியிருக்கிறாள் என்றால்...

'மா, மிஸ் கவிப்ரியா என் பினஃபோரைக் கழட்டி வாங்கிட்டாங்க. பி.இ. விளையாட்டு டிரெஸ்ல உக்காந்திருக்கேன். அத உங்க கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டாங்களாம்.'

டக். ஊசி உடைந்தது.

"இன்னிக்கு ரெண்டாவது ஊசி," ஜன்னலோர மெஷினிலிருந்து பதுருன்னிசா குரல் கொடுத்தார். "புருஷன் மேல உள்ள கோவத்த துணியில காட்டாத புள்ள."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அமலாவும் சிரித்துவைத்தாள். புது ஊசியை மாட்ட முயன்றாள். திருகாணி நழுவி உருண்டு தரைக்குப் போனது.

சிங்கப்பூர் ரோவல் ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மூன்றாவது மாடி அது. பதினாறு மெஷின்கள், அவற்றில் ஆறில்தான் ஆள். பதினோரு பள்ளிகளுக்கு இங்கேதான் சீருடை தைக்கிறார்கள். அவற்றில் ஒன்று மார்சிலிங்கில் திவ்யா படிக்கும் பள்ளி. அங்கே பெண்கள் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கரும்பச்சைக் கவுனை, அந்த பினஃபோரை, இந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாரும் விற்க முடியாது.

ஆனால் திவ்யா போட்டிருந்தது கம்பெனி விற்ற பினஃபோர் இல்லை. அது இங்கே வந்து சேர்ந்தால் அமலாவுக்கு வேலை போகும். வேலையோடு நின்றால் அவளுக்கு நல்ல நேரம்.

*

எல்லாம் முழங்காலில் ஆரம்பித்தது.

ஆகஸ்ட் கடைசி. உயர்நிலை இரண்டாம் வகுப்புப் பெண்களை மண்டபத்தில் வரிசையாக மண்டியிடச் சொன்னார்கள். மண்டியிட்டால் பினஃபோரின் கீழ் ஓரம் தரையைத் தொட வேண்டும். திவ்யாவுக்கு மூன்று விரல் மேலே நின்றது. ஜனவரியிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். அம்மா தையல்காரி என்பதால் மடித்து வைத்திருந்த ஓரத்தை இரண்டு தடவை பிரித்து இறக்கியாகிவிட்டது. இனிப் பிரிக்க மடிப்பு இல்லை.

'இரண்டு வாரத்துக்குள் விதிப்படியான சீருடை' என்று கடிதம் வந்தது.

வாங்கிவிடலாம்தான். ஆனால் ஜனவரியில் அந்தப் பள்ளி பக்கத்துப் பள்ளியோடு இணைகிறது. புதுப் பெயர், புது நிறம், புதுச் சீருடை. அதற்கான உத்தேச விலைப்பட்டியல் ஏற்கெனவே வந்து, வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. பினஃபோர் இரண்டு, சட்டை மூன்று, பி.இ. உடை, பள்ளிச் சின்னம் போட்ட காலுறை ஆறு ஜோடி. மொத்தம் முந்நூற்றுப் பத்து சிங்கப்பூர் வெள்ளி. சின்னம் இல்லாத காலுறை போட்டால் அதற்கும் ஒரு கடிதம் வரும்.

பழைய பினஃபோரோ கையிருப்பிலேயே இல்லை. நிற்கப்போகிற உடுப்பை யார் தைத்து அடுக்கிவைப்பார்கள்? தனி ஆர்டர்தான் கொடுக்க வேண்டும். தொண்ணூற்றைந்து வெள்ளி. பத்து வாரம் போட்டுவிட்டுக் குப்பையில் போட!

"ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் கிடையாதா?" என்று மேனேஜர் ஸ்ரீநாத்திடம் கேட்டுப் பார்த்தாள்.

"ஸ்பெஷல் ஆர்டருக்கு இல்லக்கா," என்றான், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பள்ளியிடம் கேட்டுப் பார்த்தாள். ஒழுங்கு விவகாரங்களைப் பார்க்கும் ஆசிரியை மிஸ் கவிப்ரியாதான் பேசினார். "பத்து வாரம்தான் மேடம், எனக்கும் தெரியுது. ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்க."

பள்ளி உதவி நிதிப் படிவத்தை நிரப்பிப் பார்த்தாள். அவர்கள் போன வருட வருமானத்தைக் கேட்டார்கள். போன வருடம் அவள் கணவன் அண்ணாதுரைக்கு முதுகு நன்றாக இருந்தது. ஜூலையில்தான் விமான நிலையத்தில் சரக்குப் பெட்டி ஏற்றும்போது பிடித்துக்கொண்டு, பாதிச் சம்பளத்தோடு வீட்டில் படுத்திருக்கிறான். படிவத்தில் ஜூலைக்கு இடமில்லை.

பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனால் இருபது வெள்ளிக்குத் தைத்துத் தருவார்கள். மார்சிலிங்காரர்களுக்கு அது பஸ் பிடித்துப் போகிற தூரம். முன்பு பலர் அதைத்தான் செய்தார்கள். அதனால்தான் லேபிள் விதி வந்தது. உள்கழுத்தில் கம்பெனி லேபிள் இருக்க வேண்டும். மண்டியிட வைக்கும்போதே காலரைத் திருப்பியும் பார்ப்பார்கள். லேபிள் இல்லாவிட்டால் அது எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சீருடை இல்லை.

அமலா தானே தைப்பது என்று முடிவெடுத்தாள்.

வெட்டுமேஜைக்கு அடியில் மூட்டை மூட்டையாகத் துண்டுத் துணி கிடக்கும். கிலோக் கணக்கில் கந்தலுக்குப் போகிற சரக்கு. மெஷின் துடைக்க ஆளுக்கு இரண்டு துண்டு எடுத்துப் போவதை யாரும் கேட்பதில்லை. அமலா இரண்டு வாரத்தில் பதினேழு துண்டு எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு மெஷினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இணைத்தாள். இணைப்புகளைக் கொசுவத்தின் உள்மடிப்புக்குள் ஒளித்தாள். எந்தத் தையல்காரியும் குறை சொல்ல முடியாத வேலை.

தப்பு தையலில் இல்லை, நிறத்தில் இருந்தது.

ஒவ்வொரு தடவை சாயம் முக்கும்போதும் துணியின் நிறம் ஒரு மயிரிழை மாறும். அதனால் அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு துணியைச் சேர்ப்பதற்கு முன் யாராக இருந்தாலும் பதுரு அக்காவின் ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற பச்சை வெயிலில் இரண்டாகப் பிரியும். திருட்டுத் துணியை எப்படி ஜன்னலுக்குக் கொண்டுபோவது? அமலா வீட்டு டியூப் லைட்டிலேயே பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பத்துத் தடவை துவைத்த பிறகு சரியாக இல்லை.

லேபிளுக்கு வேறு கதை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு லேபிள் சுருள் கொடுத்திருந்தார்கள். லேபிளின் பின்பக்கத்தில் மெஷின் எண் நெய்திருக்கும், குறை வந்தால் யார் கை என்று கண்டுபிடிக்க. அமலாவின் எண் ஒன்பது. எத்தனை லேபிள் போனது, எத்தனை உடுப்பு வந்தது என்று ஸ்ரீநாத் தினமும் மாலையில் சரிபார்ப்பான். பதுரு அக்காவுக்கு மட்டும் கணக்கு எப்போதும் இடிக்கும். அறுபத்தொரு வயது, இரண்டு கண்ணிலும் புரை, அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கிக் காத்திருந்தார். அவருடைய லேபிள்கள் கைதவறிக் காலடியில் உதிர்ந்து கிடக்கும்.

அமலா குனிந்து ஒன்றை எடுத்தாள்.

எண்ணைப் பார்க்காமல் எடுத்ததாகப் பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். இல்லை. பார்த்துத்தான் எடுத்தாள். பதினாலு.

*

மாடிப்படியில் நின்று பள்ளிக்குப் போன் போட்டாள்.

"மிஸஸ் அண்ணாதுரை! நானே கூப்பிடணும்னு இருந்தேன்." மிஸ் கவிப்ரியாவின் குரலில் கோபமே இல்லை.

"மிஸ், திவ்யா ஏதாச்சும் தப்பு..."

"சே சே, அவ மேல தப்பே இல்ல. காலையில அசெம்பிளிக்கு வெயில்ல நிக்கிறா. பாத்தா ஓரத்துக் கொசுவம் ஒரு கலர், நடுவுல வேற கலர். சாரி மேடம், முதல்ல ஜொகூர்ல தச்சதுன்னுதான் நினைச்சேன். கழுத்தத் திருப்பிப் பாத்தா ஒரிஜினல் லேபிள்! எவ்ளோம்மா குடுத்தீங்கன்னு கேட்டேன். ஸ்பெஷல் ஆர்டர், தொண்ணூத்தஞ்சுன்னு சொல்றா. தொண்ணூத்தஞ்சு வாங்கிட்டு இப்படியா தச்சுக் குடுப்பாங்க?"

யாராவது கேட்டால் இப்படிச் சொல் என்று அமலாதான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பிள்ளை ஒரு வெள்ளிகூடக் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்திருக்கிறது.

"பரவால்ல மிஸ். நான் அங்கதானே வேல பாக்குறேன், நானே மாத்திக்கிறேன். திவ்யாகிட்டயே குடுத்துவிட்டுருங்க."

"நோ, நோ. அங்க வேல பாக்குறதாலதான் நீங்க வாயத் தொறக்க மாட்டீங்க. எனக்குப் புரியுது லா." ஆசிரியை குரலைத் தணித்துக்கொண்டார். "போன மாசம் நீங்க அவ்வளவு கேட்டும் நான் ஒத்துக்கல. வீட்டுக்குப் போயும் எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரூல்ல என்னால கை வைக்க முடியாது. அட்லீஸ்ட் இதையாவது செய்யுறேன். லேபிளப் படம் எடுத்து உங்க மேனேஜருக்கு ஈமெயில் போட்டாச்சு. பிரின்சிபலுக்கும் ஒரு காப்பி. அடுத்த வருஷ யூனிஃபார்ம் டெண்டர் அவர் மேசையிலதான் இருக்கு. பாருங்க, எப்படி ஓடி வர்றாங்கன்னு."

"மிஸ்... அந்த பினஃபோர் இப்ப எங்க?"

"உங்க கம்பெனி வேன் காலையில சாக்ஸ் இறக்க வந்துச்சே, அந்த டிரைவர்கிட்டயே குடுத்துட்டேன். நீங்க கவலப்படாதீங்க, மிஸஸ் அண்ணாதுரை. உங்களுக்காக நான் ஃபைட் பண்றேன்."

*

மூன்று மணிக்கு வேன் வந்தது. டிரைவர் ஜெய் சாக்குப்பையோடு மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான்.

திரும்பி வருகிற உடுப்புகளைப் பிரித்துப் பார்ப்பது அமலாவின் வேலை. எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். காலையிலிருந்து அவள் நம்பிக்கொண்டிருந்தது அதை ஒன்றைத்தான். மேனேஜர் காலையில் வெளியே போய்ச் சற்றுமுன்தான் திரும்பியிருந்தான். ஈமெயிலை இன்னும் பார்க்காமல் இருக்கலாம்.

"அமலாக்கா, உன் மக ஸ்கூல்லேருந்து ஒரு ஸ்பெஷல் பார்சல்." ஜெய் ஒரு காகிதப் பையைத் தனியாக எடுத்தான். "டீச்சரே வந்து குடுத்தாங்க. பத்திரமாக் கொண்டு போங்கன்னு வேற. உள்ள என்ன, நகையா?"

"ஆமா, வைர அட்டிகை. குடு."

பையைப் பிடுங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டாள். பினஃபோரை உதறி விரித்தாள். கையில் கத்தரி.

லேபிளை வெட்டினால்?

லேபிள் போனால் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அப்புறம் இது போலிச் சீருடை. போலி போட்டவள் திவ்யா. அசல் லேபிளை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவைத்த பிள்ளை என்று பள்ளியில் பெயர் வரும். படம் வேறு எடுத்தாகிவிட்டது.

லேபிளை விட்டால்?

பதினாலு.

பதுரு அக்காவின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு குறை அவர் பெயரில் ஏறியிருக்கிறது. மூன்றாவது வந்தால் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

கத்தரியின் வாய் லேபிளுக்கு மேல் திறந்தபடி நின்றது.

"அமலாக்கா!" வெளியே ஸ்ரீநாத்தின் குரல். "பதுருக்கா! ரெண்டு பேரும் ஆபீஸுக்கு வாங்க. அந்தப் பார்சலையும் எடுத்துட்டு வாங்க."

*

ஸ்ரீநாத்தின் மேசையில் ஈமெயில் அச்செடுத்துக் கிடந்தது. லேபிளின் படம் பாதிப் பக்கத்துக்குப் பெரிதாக இருந்தது.

"பதினாலு," என்றான். "யாரு மெஷின்?"

"என்னதுதான்," என்றார் பதுரு அக்கா. "ஏன், தெரியாத மாதிரி கேக்குற?"

பினஃபோரை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. போட்டும் பெரிய பயனில்லை. விரல்களால் பார்த்தார். கொசுவத்தை விரித்து உள்மடிப்பைத் தடவிக்கொண்டே போன விரல் ஓர் இடத்தில் நின்றது.

அங்கே ஒரு சின்ன முடிச்சு.

தையல் முடிகிற இடத்தில் எல்லோரும் மெஷினைப் பின்னால் ஓட்டி நூலை நறுக்கிவிடுவார்கள். அமலா ஒருத்திதான் அதற்கு மேல் கையால் ஒரு முடிச்சும் போடுவாள். பிரியவே பிரியாது. அவள் முடிச்சைப் பதுரு அக்கா பலமுறை கேலி செய்திருக்கிறார். "தாலியா கட்டுற?"

பதுரு அக்கா நிமிர்ந்து அமலாவைப் பார்த்தார்.

"டீச்சர் ஸ்பெஷல் ஆர்டர்னு எழுதியிருக்காங்க," என்றான் ஸ்ரீநாத். "ஆகஸ்டுக்கு அப்புறம் அந்த ஸ்கூல்லேருந்து ஸ்பெஷல் ஆர்டரே வரல. சிஸ்டம்ல தேடிட்டேன். அப்ப இது எப்படி வெளிய போச்சு?"

அவனே பதிலும் சொன்னான்.

"அமலாக்கா, நீங்க என்கிட்ட டிஸ்கவுண்ட் கேட்டீங்க. நான் இல்லன்னேன். நேரா பதுருக்காகிட்ட போயிருக்கீங்க. அவங்க துண்டுத் துணியில தச்சுக் குடுத்துட்டாங்க. கண்ணு தெரியாம ரெண்டு சாயத்தையும் கலந்துட்டாங்க. கரெக்டா?"

அமலாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அவளுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. அவள் திருடி இல்லை, வாங்கியவள். வாங்கியவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போகும். தலையை ஆட்டினால் போதும்.

"எனக்கு ஒரு கேள்விதான்." ஸ்ரீநாத் பேனாவைத் திறந்தான். "எவ்ளோ குடுத்தீங்க அவங்களுக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அமலாவுக்கு ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் பட்டியல் கண்ணுக்குள் வந்தது. முந்நூற்றுப் பத்து. கட்டிலில் குப்புறப் படுத்திருக்கும் அண்ணாதுரை வந்தான். பக்கத்தில் பதுரு அக்கா நின்றார். அவர் போட்டிருந்த தைலத்தின் வாசம் வந்தது.

"நாப்பது," என்றாள் அமலா.

பதுரு அக்கா சிரித்தே விட்டார்.

"நாப்பதா? என் கூலி அம்பது புள்ள. ரொம்பக் கொறச்சுட்ட."

"அப்ப ஒத்துக்கிறீங்க," ஸ்ரீநாத் எழுத ஆரம்பித்தான்.

"நான் எங்க தம்பி ஒத்துக்கிட்டேன்? வெலயத்தான் சொன்னேன்." சிரிப்பு போயிருந்தது. "இது நான் தச்சது இல்ல. என் கண்ணு கெட்டுப்போச்சு, கை கெட்டுப்போகல. இந்த ரூம்ல யாரு முடிச்சுப் போடுவான்னு உனக்கும் தெரியும்."

ஸ்ரீநாத் அமலாவைப் பார்த்தான். அவள் முகத்திலிருந்து பார்வை கீழே இறங்கி அவள் கைகளுக்கு வந்தது. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு பினஃபோர் தைக்கிற கைகள். பதுரு அக்காவின் கைகள் பதினொன்று தைக்கும், நல்ல நாளில். டெண்டர் கிடைத்தால் ஜனவரிக்குள் ஆயிரத்து இருநூறு தைக்க வேண்டும்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்ததை அமலாவும் பார்த்தாள்.

"முடிச்செல்லாம் எனக்குத் தெரியாதுக்கா," என்றான். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "லேபிள்ல நம்பர் இருக்கு. ஸ்கூலுக்கும் அந்த நம்பர்தான் போயிருக்கு. போலீஸுக்கு நான் போகல. கான்ட்ராக்ட் மட்டும் இன்னியோட முடிச்சுக்கலாம். அமலாக்கா, உங்களுக்கு லெட்டர் வரும். போங்க."

*

பதுரு அக்கா சாமான்களை எடுத்துவைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கத்தரி, ஊசிப் பஞ்சு, கண்ணாடிக் கூடு, தைலப் புட்டி. எல்லாம் ஒரு முஸ்தஃபா கடைப் பையில் அடங்கிவிட்டது.

கீழே கடை வாசல் ஐந்தடிப் பாதையில் அமலா ஓடிவந்து பிடித்தாள். "அக்கா..."

"என்ன புள்ள."

"அவருக்கு முதுகு... வீட்ல இப்ப என் சம்பளம் மட்டும்தான்..."

"தெரியுமே. தைலம் யாரு குடுத்துவிட்டது? நான்தானே." பதுரு அக்கா பையைக் கை மாற்றிக்கொண்டார். "எங்கூட்டுலயும் கடைசிப் புள்ள அதீஃப் என்.எஸ்ல, பட்டாளத்துல இருக்கான், இன்னும் ஒரு வருசம். அவன் அலவன்ஸ்ல கரண்டு பில்லு கட்டலாம். எல்லாருக்கும்தான் வீடு இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அந்தத் துணிய நானே வெயில்ல பாத்துக் குடுத்திருப்பேன்ல? மாட்டியிருக்கவே மாட்ட."

அமலா பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்; அவர் தரவில்லை.

"எதிர்த்தாப்புல காப்பிக்கடையில உக்காந்து ஒரு தே சி, பால் டீ குடிக்கிறேன்," என்றார் பதுரு அக்கா. "சூடாத்தான் குடுப்பான். மெதுவாத்தான் குடிப்பேன். நீ மேல போ. சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு. சொல்லிட்டு வந்து கூப்பிடு. இல்லாட்டி நான் எந்திரிச்சுப் போயிருறேன்."

அமலா ஏறினாள். மூன்று மாடி, நாற்பத்தெட்டுப் படி. ஒவ்வொரு படியிலும் சொல்லப்போகிற வாக்கியத்தைத் தயார் செய்தாள். நான்தான் ஸ்ரீநாத். துணியும் நான்தான், லேபிளும் நான்தான். சின்ன வாக்கியம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

மேனேஜர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஸ்ரீநாத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். ஒரு தனி ஊழியரின் ஒழுங்கீனம் என்றான். ஏற்கெனவே நீக்கிவிட்டோம் என்றான். இரண்டு புது பினஃபோர் இலவசமாக வரும் என்றான். பிறகு யாரோ எதிர்முனையில் என்னவோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்து, டெண்டர் பற்றி நாளை பேசுவோம் என்றான்.

போனை வைத்தான். வாசலில் நின்றவளைப் பார்த்தான். "என்னக்கா?"

அமலாவின் வாய் திறந்தது.

"ஊசி," என்றாள். "ஊசி தீந்துபோச்சு. ஒரு பாக்கெட் வேணும்."

ஊசிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கீழே காப்பிக்கடையில், வெளிமேசையில் பதுரு அக்கா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் குவளையைத் தூக்கிக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் குடித்தார். மேலே நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு தூரம் அவருக்குக் கண் தெரியாது. இருந்தாலும் அமலா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மறுபடி எட்டிப் பார்த்தபோது மேசையில் குவளை மட்டும் இருந்தது.

*

மறுநாள் காலை ஸ்ரீநாத் கரும்பச்சைத் துணியைக் கொண்டுவந்து ஜன்னலோர மெஷினில் வைத்தான்.

"இனி நீங்க இங்க உக்காருங்கக்கா. வெளிச்சம் நல்லா இருக்கும். ரெண்டு பீஸ், உங்க பொண்ணு அளவு. ஒரே உருளையில வெட்டினது, பயப்படாதீங்க." எச்சரிக்கைக் கடிதத்தை மடித்துப் பக்கத்தில் வைத்தான். "இதுல ஒரு சைன்."

மற்ற நால்வரும் தலை நிமிரவில்லை. அன்று யாரும் கேலி பேசவில்லை.

பதினொரு மணிக்கு மிஸ் கவிப்ரியா கூப்பிட்டார்.

"பாத்தீங்களா மிஸஸ் அண்ணாதுரை? ஒரு கம்ப்ளெயிண்ட், ரெண்டு ஃப்ரீ பினஃபோர்! நீங்க பயந்துக்கிட்டு சும்மா இருந்திருந்தா கெடச்சிருக்குமா? யாரோ கண்ணு தெரியாத ஒரு தையக்காரியாம். அந்த மாதிரி ஆள எப்படி இத்தன நாளு வச்சிருந்தாங்க? எனிவே, உடனே ஆக்‌ஷன் எடுத்தது பிரின்சிபலுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அடுத்த வருஷமும் உங்க கம்பெனிதான் போல. உங்களுக்கும் நல்லதுதானே?"

"ஆமா மிஸ்."

"திங்கக்கிழமை எல்லாருக்கும் மறுபடி செக்கிங் இருக்கு. அதுக்குள்ள வந்துருமில்ல?"

"வந்துரும் மிஸ். தேங்க்ஸ்."

ஸ்ரீநாத் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சுருங்கக்கா. ஜெய் ஆறு மணிக்குக் கிளம்புறான்."

நாலு மணிக்கு இரண்டும் முடிந்தன. எட்டு வாரத்துக்கு இரண்டு பினஃபோர். மண்டியிட்டால் தரையைத் தொடும் ஓரம். கொசுவம் கத்தி மாதிரி நின்றது. வெயிலில் வைத்துப் பார்த்தாள். ஒரே பச்சை.

லேபிள் மட்டும் பாக்கி. பழைய இடத்திலிருந்து ஒன்பதாம் எண் சுருளை எடுத்துவர எழுந்தாள்.

"வேணாம்," என்றான் ஸ்ரீநாத். "நம்பர் ஆளுக்கு இல்ல, மெஷினுக்கு. இந்த மெஷின் சுருளையே போடுங்க."

இழுப்பறையைத் திறந்தாள். பதுரு அக்கா விட்டுப்போன சுருள் பாதி இருந்தது. இழுத்து ஒன்றை நறுக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தேவையே இல்லை. என்ன எண் என்று தெரியும்.

கழுத்தில் வைத்து நான்கு பக்கமும் தைத்தாள். நூல் முனையைப் பிடித்து, பழக்கத்தில் விரல்கள் முடிச்சுக்கு வளைந்தன. அமலா அவற்றை நிறுத்தினாள். மற்றவர்களைப் போல மெஷினைப் பின்னால் ஓட்டி, நூலை நறுக்கிவிட்டு, அடுத்த பினஃபோரை எடுத்தாள்.